என்பின் திண்மையும் அதனை அளக்கும் சோதனையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் யான் பேசுங்கால் இலக்கியம் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று தமிழாசிரியன் ஒருவன் எலும்பைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மருந்து கூற யான் வரவில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனைக்குச் செல்வோர் ஆங்கு எதிர்பார்க்கத்தக்கவை எவை என்பதை, உடன் சென்று கண்டவாறும் மருத்துவரை வினவி அறிந்தவாறும் உரைப்பதே என் நோக்கம். அதற்குக் காரணம் என் குடும்பத்திலேயே உண்டு. அதனை மறைப்பதால் பயன் இல்லை.

என் அன்னையார் தம் எழுபத்திரண்டாம் வயதில் கிணற்றடியில் வழுக்கிக் கையூன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கட்டுக் கட்டினோம், ஆறு வாரத்தில் கூடிற்று, மறந்தோம். நின்ற நிலையிலிருந்து விழுந்த அளவில் எலும்பு முறிதல் இயல்பன்று, உள்ளே எலும்பு வலியிழந்தமைக்கு அஃது ஓர் அறிகுறி என்று எங்களுக்குத் தெரியாது. சோதனை செய்து பார்க்கலாமே என்று உறவினர் ஒருவர் கூறியபோது, “முதுமையில் இவையெல்லாம் வருவனவே” என்று விடையிறுத்தவன் யானே. நான்கு ஆண்டு கழித்துத் திண்ணையினின்று இறங்குகையில் மீண்டும் விழுந்தார். இம்முறை முறிந்தது இடுப்பெலும்பு. அறுவை நிகழ்ந்தது. இன்று கோலூன்றியே நடக்கிறார்.

ஈண்டுச் சொல் பற்றி ஒன்று கூறியாதல் வேண்டும். ‘எலும்புத் தேய்மானம்’ என்று நம்மவர் வழங்கும் தொடர் இருவேறு நோய்களைக் குறிக்கின்றது. முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து வலி தருவது ஒன்று. எலும்பினுள்ளே திண்மை குறைந்து, தேனடையின் கண்கள் பெருத்தாற்போலப் புரை மிகுவது மற்றொன்று. பின்னதையே ‘எலும்புப்புரை’ என்பர். முன்னதற்கு வலி உண்டு. பின்னதற்கு முறிவு நேருமளவும் வலியே இல்லை. சொல் ஒன்றாயிருத்தலின், முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டே, “என் தேய்மானத்திற்கு மருத்துவம் செய்துகொண்டுதான் இருக்கிறேன்” என்று அமைதியுறுவோர் பலர். என் அன்னையாரும் அவ்வாறே இருந்தார். சொல்லின் மயக்கம் உடலுக்கும் ஊறு செய்யும் என்பதை யான் அன்றுதான் உணர்ந்தேன்.

அன்னையாரின் அறுவைக்குப் பின்னர், மருத்துவர் என் தமக்கையாரைச் சோதனைக்குச் செல்லுமாறு கூறினார். தமக்கையாருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. தாய்க்கு இடுப்பு முறிந்திருத்தலும், தமக்கு நாற்பத்துமூன்றாம் வயதிலேயே மாதவிடாய் நின்றமையும் காரணங்களாம். பொதுவாக அறுபத்தைந்து வயதடைந்த பெண்டிர்க்கு இச்சோதனை வேண்டும் என்பர். நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்போர், உடல் மிக மெலிந்தோர், புகையும் மதுவும் பழகியோர், உயரம் குறைந்து கூனத் தொடங்கியோர் ஆகியோர் ஆடவராயினும் மருத்துவரை முன்னரே கேட்டல் நன்று.

தமக்கையார் அஞ்சினார். குகை போன்ற எந்திரத்துள் அடைப்பார்கள், ஊசி குத்துவார்கள் என்று அண்டை வீட்டார் கூறியிருந்தனர். அவையிரண்டும் இச்சோதனைக்குரியன அல்ல. ‘டெக்ஸா’ என வழங்கும் இதற்கு மெத்தை பரப்பிய நீண்ட மேசையும், அதன்மேல் நகரும் கை போன்றதோர் உறுப்புமே உள்ளன. முகத்துக்கு நேரே திறந்த வெளிதான். 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்களே இங்கும் பயன்படுகின்றன. ஆனால் ஆற்றலில் வேறுபட்ட இருவகைக் கதிர்களைச் செலுத்துவர். தசையும் எலும்பும் அவ்விரண்டையும் வெவ்வேறளவில் தடுத்தலால், தசையின் பங்கைக் கழித்து எலும்பின் பங்கைக் கணக்கிட இயலுகின்றது. கதிரின் அளவோ மிகச் சிறிது. மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரே படத்தினும் குறைவு. எனினும் கருவுற்றோர் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

முதல் நாள் நாங்கள் வறிதே திரும்பினோம். தமக்கையார் அன்று காலை சுண்ணச்சத்து மாத்திரை, அதாவது கால்சியம், உண்டிருந்தார். கரையாத மாத்திரை குடலில் கிடப்பின், முதுகெலும்பின் படத்தில் அதுவும் எலும்பெனத் தோன்றிக் கணக்கைக் கெடுக்குமாம். அதனால் ஒரு நாள் முன்னரே அதனை நிறுத்துதல் வேண்டும். நாள் குறித்துக் கொடுத்த இடத்தில் இதனை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிற உணவுக்குத் தடையில்லை, பட்டினியும் வேண்டா. பேரியம் அருந்தியோ, நிறமருந்து ஏற்றியோ வேறு படம் எடுத்திருந்தால், சில நாள் இடைவெளி விடுதல் வேண்டும்.

மறுமுறை சென்றோம். இடுப்புப் பகுதியில் உலோகம் எதுவும் இருத்தலாகாது என்றனர். சேலைக் கொசுவத்தில் செருகிய ஊக்கு, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து, ஆடவராயின் வெள்ளி அரைஞாண் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துச் செல்லுதல் எளிது. தாலிச்சரடு நீண்டு வயிற்றளவு தொங்கினால் சற்றே மேலே ஒதுக்கிக்கொள்ளலாம். தமக்கையார் மல்லாந்து படுத்தார். கால்களை ஒரு பெட்டியின்மேல் உயர்த்தி வைத்து முதுகைச் சமமாக்கினர். பின்னர் பாதத்தைச் சிறிது உள்நோக்கித் திருப்பி, ஒரு தாங்கியில் கட்டி இடுப்பைப் படமெடுத்தனர். அசையாதிருத்தல் ஒன்றே அவர் செய்தது. கால்மணி நேரத்துள் முடிந்தது. “இதற்கா இரண்டு இரவு உறங்காதிருந்தேன்!” என்று தம்மைத் தாமே கடிந்துகொண்டார். என் அன்னையாரைப்போல் ஒருபக்க இடுப்பில் உலோகம் பொருத்தியவர்க்கு மறுபக்கத்தை அளப்பர். இடுப்பும் முதுகும் அளக்க இயலாவிடின் முன்கையை அளப்பர்.

முடிவைத் தரும் தாளில் ‘டி ஸ்கோர்’ என்றோர் எண் இருக்கும். அது பெரும்பாலும் கழித்தல் குறியுடன் வரும். இருபது ஆண்டுக்கு மேலாக விடைத்தாள் திருத்தும் யான் சுழியமும் இட்டதுண்டு. சுழியத்துக்குக் கீழே எவர்க்கும் இட்டதில்லை. ஆகவே அதனைக் கண்டு முதலில் திடுக்கிட்டேன். உண்மையில் அது தேர்ச்சி மதிப்பெண் அன்று. நலமுள்ள இளமைப் பருவத்தாரின் சராசரியினின்று நம் எலும்பு எத்துணை விலகி நிற்கின்றது என்பதே அதன் பொருள். உலக நல நிறுவனம் 1994-இல் வகுத்த எல்லைப்படி, -1 வரை இயல்பு; -1-க்கும் -2.5-க்கும் இடைப்பட்டது குறைவு, -2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. ‘இசட் ஸ்கோர்’ என்பது நம் வயதினரோடு ஒப்பிடுவது. மாதவிடாய் நில்லாத பெண்டிர்க்கும் ஐம்பதுக்குட்பட்ட ஆடவர்க்கும் பெரும்பாலும் அதனையே நோக்குவர்.

இவ்வெண்ணை மட்டும் பற்றிக்கொண்டு மகிழ்தலும் வருந்துதலும் ஆகா. முதியோர் முதுகெலும்பில் முள்போல் எழும் எலும்பு வளர்ச்சி அடர்த்தியை மிகுத்துக் காட்டிப் பொய்யான நற்சான்று தரும். வைட்டமின் டி குறைவும் எண்ணைத் தாழ்த்தும். ஆகலின் குருதிச் சோதனையும் உடன் செய்வர். சிறு விழுக்காட்டில் இடுப்பு முறிந்தவர்க்கு எண் எவ்வாறிருப்பினும் மருத்துவம் வேண்டும். முகாம்களில் குதிகாலைச் சிறு கருவியில் வைத்து ஒலியால் அளப்பதும் உண்டு. அஃது ஐயத்தை எழுப்ப உதவுமேயன்றி நோயை உறுதிசெய்யாது. அங்கு நன்றென்றார் என்று மருத்துவரிடம் செல்லாது விட்டவரை யான் அறிவேன்.

தமக்கையாருக்கு முதுகில் -2.7, இடுப்பில் -2.1. மருந்து தொடங்கி ஓராண்டும் சில திங்களும் ஆகின்றன. இரண்டாம் ஆண்டு நிறைவில் மறுசோதனை. கருவிக்குக் கருவி கணக்கு வேறுபடும் ஆதலால், அதே இடத்தில், அதே கருவியில் அளக்க வேண்டும் என்று சொல்லியிருக்கின்றனர். பழைய தாளைத் தமக்கையார் நகைப்பெட்டியில் வைத்திருக்கிறார். கிணற்றடியில் சொரசொரப்பான கல் பாவியாயிற்று; திண்ணைப் படியருகே கைப்பிடியும் அமைத்தோம். மாத்திரை உண்ணாத நாளைக் குறித்து நினைவூட்டும் பொறுப்பு இம்முறை என்னுடையது.