பழைய கட்டையும் புதிய கன்றும்



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தோம். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவன் தகப்பனார் அலோர் காஜா பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலம் வாங்கி, அங்கிருந்த கிழட்டுக் கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார். நான்காம் ஆண்டு. பால் வெட்ட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்றுகள் இலை மஞ்சளித்துப் பட்டுக்கொண்டிருந்தன. "யாரோ கண் வைத்துவிட்டார்கள், சார்" என்றார் அவர்.

பட்ட கன்று ஒன்றைத் தோண்டினோம். வேரின்மேல் வெள்ளை நூல்கள் வலைபோல ஒட்டிக் கிடந்தன. நூல் போன வழியே மண்ணைப் பறித்துக்கொண்டு போனால், மூன்றடி தள்ளிப் பழைய மரத்தின் கட்டை. கண் வைத்தது அதுதான்!

இதற்கு வெள்ளை வேர் நோய் என்று பெயர். காளான் இனத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சை இதனை உண்டாக்குகிறது. மரத்தைச் சாய்த்தவுடன் பச்சையாக இருக்கும் வெட்டுவாயில், காற்றில் வரும் அதன் வித்துத் தூள் விழுந்து முளைக்கும். கட்டையைத் தின்றுகொண்டே வேர்களுக்குள் இறங்கும். புதுக் கன்றின் வேர் அந்தப் பழைய வேரைத் தொட்டதும் இதற்குத் தாவிவிடும். இலை மஞ்சளிக்கும்போது வேர் பாதி போயிருக்கும். ஆகவே இலையைப் பார்த்துக் காத்திராமல், கன்றின் அடிமண்ணை விலக்கி வேர்க்கழுத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டைகளை வேரோடு கிளறி எடுப்பதே முதல் வேலை. நிரைகளுக்கு இடையில் அவரை இனத்து மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டால், அதன் ஈரத்தில் மிச்சமுள்ள வேர்கள் சீக்கிரம் மக்கும். கன்றின் வேர் பரவுமுன் பூஞ்சை இரையின்றி ஓயும். நம்மவரோ அந்த இடத்தில் கைச்செலவுக்காக மரவள்ளி போட்டிருந்தார். மரவள்ளியும் இந்தப் பூஞ்சைக்கு உணவு. கடலை, சோளம், அன்னாசி போட்டிருக்கலாம்.

எதற்குப் பின் எதை நடுகிறோம் என்பது மலாக்காவுக்குப் புதிய கேள்வியன்று. ஒரு காலத்தில் இங்கே மரவள்ளிதான் பெரும்பயிர். 1896-ல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் கித்தாவை நட்டார். நாட்டில் வாணிபத்துக்காக முதன்முதலில் நடப்பட்ட கித்தாத் தோட்டங்களில் அதுவும் ஒன்று. பிறகு பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு வேறொரு பூஞ்சை, கானோடெர்மா. அது அடித்தண்டை அழுகச் செய்யும். மட்டைகள் பாவாடைபோலத் தொங்கிவிடும். கித்தாவுக்குப் பின் வைத்த செம்பனையில் இது நெடுங்காலம் கழித்தே தலைகாட்டும். தென்னைக்குப் பின்னோ, செம்பனைக்குப் பின் மீண்டும் செம்பனையோ வைத்தால் இளமரத்திலேயே வந்துவிடும். முற்றிய மரத்தைக் காப்பாற்ற மருந்தில்லை. பழைய அடிக்கட்டையைத் தோண்டித் துண்டாக்கிவிட்டு நடுவதுதான் வழி.

வேர் நோய் இப்படி மண்ணிலிருந்து வருகிறதென்றால், இலை நோயை வானிலையே நடத்துகிறது. பிப்ரவரி, மார்ச்சில் கித்தா இலை உதிர்த்து, செம்புநிறத் தளிர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தளிர் முற்ற இரண்டு மூன்று வாரமாகும். அவ்வேளை பகலில் வெயிலும் விடியலில் பனியுமாக இருந்தால் வெள்ளை மாவு பூத்தாற்போலச் சாம்பல் நோய் வரும். கந்தகத் தூள் தூவுவது அதற்காகவே. தினமும் மழை பெய்தால் வேறொரு பூஞ்சை தளிரைக் கருக்கிவிடும். மரம் முன்கூட்டியே உதிர்த்து, மழைக்குமுன் இலை முற்றிவிட்டால் தப்பித்துக்கொள்ளும். ஆனால் 2017 முதல் மலேசியாவில் காணப்படும் புது இலையுதிர் நோய் முற்றிய இலையையும் விடுவதில்லை. இலை போனால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். அதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தகப்பனார் மரவள்ளியைப் பிடுங்கிவிட்டார். கட்டைகளைக் கிளற இரண்டு மாதம் பிடித்தது. விடுமுறையில் பையனும் சங்கிலி இழுத்தான். ஏறக்குறைய அறுபது கன்றுகள் போய்விட்டன. மற்றவற்றில் இப்போது வெட்டு நடக்கிறது.