பட்டமும் பரிசோதனையும்

ஓர் அறிஞரின் பட்டம் மெய்யானதென்று நிறுவிவிட்டால், அவருடைய ஆய்வும் மெய்யாகிவிடுமா? ஜெர்மானிய பௌதிகவியலாளர் யான் ஹென்றிக் ஷோனின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிப் பெரும் புகழ் எய்தினார். ஆயின், அவர் கண்ட முடிவுகளைப் பிறர் மீளச் செய்து காண இயலவில்லை. வெவ்வேறு பரிசோதனைகளுக்குரியனவெனக் காட்டப்பட்ட வரைபுகள் அச்சொட்டாக ஒத்திருந்தன. 2002ஆம் ஆண்டு விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, 16இல் முறைகேடு நிகழ்ந்ததெனத் தீர்மானித்தது. மூலப் பதிவுகளோ பேணப்பட்டிருக்கவில்லை.

பல்கலைக்கழகம் அவரது ஆய்வேட்டையும் துருவி நோக்கியது. அதில் மோசடி காணப்படவில்லை. எனினும், பட்டத்துக்குத் தகாத நடத்தையெனக் கூறி, 2004இல் அதனை மீளப் பெற்றது. நெடிய வழக்கின்பின், 2013இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அம்முடிவை உறுதி செய்தது.

பட்டம் ஒருவர் கற்றதற்குச் சான்று. அவர் பின்னர் கூறுவனவற்றுக்கெல்லாம் பிணையன்று. ‘இவர் யாரிடம் பயின்றார்?’ என்பதோடு நில்லாது, ‘இதனை வேறொருவர் செய்து கண்டாரா?’ என்றும் வினவுவதே அறிவுடைமையாகும்.