நிலமும் பொழுதும் நிழற்படமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகச் சொல்லை வளர்த்து வரும் இந்த அவையில், சொல் இல்லாத ஒரு தொழிலைச் செய்பவனையும் அழைத்துப் பேசச் சொன்னது உங்கள் பெருந்தன்மை. பிழைப்புக்குத் திருமணங்களையும் காதணி விழாக்களையும் படமெடுக்கிறேன். எஞ்சிய விடியல்களையும் மாலைகளையும் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் கழிக்கிறேன். மாறிவரும் பருவங்களினூடே அந்த நிலத்தைப் படமெடுப்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள்.

பேச்சைத் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவது இங்கே மரபு. நானும் அப்படியே தொடங்குகிறேன். மரபுக்காக மட்டுமன்று, என் தொழிலின் இலக்கணமே அங்கேதான் இருக்கிறது என்பதற்காக. முதற்பொருள் எது என்ற கேள்விக்குத் தொல்காப்பியர் நிலம் என்று மட்டும் விடை சொல்லவில்லை. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், மருதத்திற்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு என்று ஒவ்வொரு நிலத்தையும் அதற்குரிய பொழுதோடு பிணைத்தார். பொழுது இல்லாத நிலம் என்று ஒன்றை நம் முன்னோர் கற்பனை செய்யவே இல்லை.

நிழற்படக் கலையின் முதற்பாடமும் இதுவே. இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நிழற்படம், பிரெஞ்சு நாட்டவரான நியெப்ஸ் 1827ஆம் ஆண்டை ஒட்டித் தம் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்த நிலக்காட்சி. கூரைகளும் சுவர்களும் தெரியும் அந்தப் படத்தைப் பதிவு செய்யப் பல மணி நேரம் தேவைப்பட்டது. அதற்குள் கதிரவன் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்துவிட்டதால், எதிரெதிரே உள்ள சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. நிலத்தைப் பிடிக்கப் போனவருக்குப் பொழுதும் சேர்ந்து சிக்கியது!

நம் நாட்டிற்கு வருவோம். 1856இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்டவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1857ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களை அவர் படமெடுத்தார். மழை ஓய்ந்த பின், வெயில் ஏறுவதற்கு முன் என்று அவருக்கு வாய்த்தது பனிக்காலம். மெழுகு பூசிய காகிதமே அவருடைய நெகட்டிவ். அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மிகையாக இணங்கும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவே பதிவாகும். அந்த வெறுமையைப் போக்க அவர் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தொட்டு மேகங்களைக் கையால் தீட்டிய படங்கள் உண்டு. கோபுரமும் குளமும் உண்மை. மேகம் மட்டும் எந்த மாதத்தையும் சேராத மேகம். என் வரையில் நிலக்காட்சிக் கலையின் சிக்கல் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. இடத்தைப் பிடித்துவிடலாம், பருவத்தைப் பிடிப்பதே அரிது.

அன்பர்களே, இருங்காட்டுக்கோட்டை என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'இரும்' என்றால் பெரிய என்றும் கரிய என்றும் பொருள். பெருங்காட்டின் பெயரைத் தாங்கிய அந்த ஊரில் 1990இல் கார்ப் பந்தயத் தடம் அமைந்தது. 1996இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. பின்னர் திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் பெருகின. காட்டின் பெயரை இன்று நாடறியச் செய்திருப்பது கார்தான். முல்லைக்கும் காருக்கும் உள்ள உறவு இப்படியும் நிறைவேறியிருக்கிறது என்று நண்பர்கள் நகைப்பதுண்டு.

அங்கே ஆண்டு எப்படி நகர்கிறது என்பதைக் கேமராவின் வழியே சொல்கிறேன்.

ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். பகல் முழுதும் புழுங்கிவிட்டு மாலையில் மேற்கே இடி முழங்கும். மழை பெய்து ஓய்ந்ததும் தூசி அடங்கித் தொலைவு அருகே வந்துவிடும். மேகத்தின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு பாயும் மஞ்சள் வெயில் பத்து நிமிடம் நின்றால் அதிகம். ஏரியின் உள்வாயில் நீர் இராது; புல் மட்டும் தளிர்த்து மாடுகள் மேயும். முல்லைக்கு மாலை என்று வகுத்தவர், அந்தப் பத்து நிமிடத்தைக் கண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். காற்று திசை மாறி, மேகம் கடலிலிருந்து வரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. எங்கள் தொழிலுக்கு இது சோதனைக் காலம். லென்ஸின் உள்ளே 'பங்கஸ்' என்று நாங்கள் சொல்லும் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கருவியைப் பெட்டியில் காக்க வேண்டும். முக்காலியின் கால்கள் களிமண்ணில் புதையும். நாள் முழுதும் நிழலே விழாத சாம்பல் ஒளி. சுற்றுலா அட்டைக்கு உதவாத ஒளிதான். ஆனால் நிலம் உண்மை பேசுவது இந்த ஒளியில்தான். வரத்துக் கால்வாய் எது, தாழ்ந்த நிலம் எது, கலங்கல் வழிந்தால் நீர் எவ்வழி போகும் என்பதையெல்லாம் ஏரி தன் கையாலேயே எழுதிக் காட்டும். வரைபடத்தில் மறைந்துபோன வாய்க்கால், சாலையின் குறுக்கே நீராக நின்று தன் பெயரைச் சொல்லும்.

மார்கழியும் தையும் முன்பனி. விடியலில் பெங்களூர் நெடுஞ்சாலை மூடுபனியில் மறைந்துவிடும். இரவுப் பணி முடித்தோரை ஏற்றிய பேருந்துகள் விளக்கெரிய வரிசையாக வரும். ஏரியில் கூழைக்கடாக்கள் மிதக்கும். கரைக்குக் கீழே சம்பா அறுவடை நடக்கும். கதிரவன் தெற்கே சாய்ந்து எழும் காலம் இது. ஆனியில் எழும் இடத்திற்கும் மார்கழியில் எழும் இடத்திற்கும் இடையே அடிவானத்தில் ஏறத்தாழ 48 பாகை தொலைவு உண்டு. ஒரே பனைமரத்தின் பின்னே ஆண்டு முழுதும் உதயம் கிடைக்கும் என்று காத்திருப்பவன் ஏமாறுவான்.

மாசியும் பங்குனியும் பின்பனி. நீர் மெல்ல இறங்கி, கரையின் அலைகற்களில் ஒவ்வொரு வாரமும் ஒரு கோட்டை விட்டுச் செல்லும். கிணறு உள்ளவர் நவரை நட்டிருப்பார். அந்தப் பசுமைக்கு நிகரான பசுமையை எந்த வண்ணப் படமும் முழுதாகத் தந்ததில்லை. புங்க மரம் இலையுதிர்த்து உடனே தளிர்க்கும். சித்திரையிலும் வைகாசியிலும் கொன்றை பூக்கும். சித்திரையில் ஒரு முறையும் ஆவணித் தொடக்கத்தில் ஒரு முறையும் இவ்வூர்களில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான்; அந்நண்பகலில் நட்ட கம்புக்கு நிழல் இல்லை. நிழல் இல்லாதபோது நிழற்படக்காரனுக்கும் வேலை இல்லை.

ஆனியும் ஆடியும் முதுவேனில். ஏரியின் உள்வாய் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்காற்றில் செம்புழுதி பறக்கும். இந்தப் பருவத்தைப் பற்றித்தான் உங்களிடம் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை எனப்படும் என்பது இளங்கோவடிகள் சொல்லும் கருத்து. பாலை ஓர் இடமன்று; ஒரு நிலம் ஒரு பருவத்தில் கொள்ளும் கோலம். இதை மறந்தவர் கண்ணுக்கு முதுவேனில் ஏரி வெற்றுத் தரிசாகத் தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில், மனை விற்கும் ஒருவர் தாழ்ந்த நிலம் ஒன்றைப் படமெடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டார். கார்த்திகையில் அங்கே முழங்கால் அளவு நீர் நிற்குமே என்றேன். "அதனால்தான் இப்போது எடுக்கச் சொல்கிறேன்" என்றார். நான் மறுத்தேன், வேறு யாரேனும் எடுத்துத் தந்திருப்பார். அந்தப் படத்தில் பொய் எதுவும் இருந்திராது. ஒவ்வொரு புல்லும் உண்மையாக இருந்திருக்கும். ஆனால் பருவம் மறைக்கப்பட்ட உண்மை அது. அதே பருவத்தில் ஏரிக்குள் நின்ற என்னைப் பார்த்து, நீர்க்கட்டி வேலை செய்த பெரியவர் ஒருவர் சொன்னது இது: "தம்பி, ஐப்பசி பொறக்கட்டும், அப்ப வந்து எடு. இப்ப எடுத்தா இது ஏரின்னு எவன் நம்புவான்?" இருவரும் ஒரே நுட்பத்தைத்தான் அறிந்திருந்தார்கள். ஒருவர் அதை விலையாக்கினார், மற்றவர் அதற்கு அஞ்சினார்.

இருங்காட்டுக்கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்டது. 2015 டிசம்பர் முதல் நாள், விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் அதிலிருந்து அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆற்றின் இரு கரைகளிலும் நகரம் மூழ்கியது. 2019 ஜூன் மாதத்தில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. சென்னையில் மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். இந்த இரண்டு காட்சிகளையும் உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. முதற்படத்தை மட்டும் பார்ப்பவர் நீரைப் பகை என்பார். இரண்டாம் படத்தை மட்டும் பார்ப்பவர் இங்கே நீரே இல்லை என்பார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவரே, இது நீரைச் சேர்த்து வைத்து உண்ண வேண்டிய நாடு என்று அறிவார். ஏரிகளை வெட்டியவர்கள் படம் இல்லாமலே அதை அறிந்திருந்தார்கள்; நமக்குப் படம் தேவைப்படுகிறது.

தொழிற்சாலைகளைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது அவற்றால்தான். என்னிடம் திருமணப் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் பலர் அங்கே உழைப்பவர்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். காருக்கு வண்ணம் பூசும் கூடத்தில் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுதும் ஒரே அளவில் வைக்கப்படுகின்றன. அங்கே பெரும்பொழுது ஒன்றே. நம் இலக்கணத்தின் ஆறு சிறுபொழுதுகள் அங்கே மூன்று ஷிப்டுகளாகச் சுருங்கிவிட்டன. உள்ளே அது முறைதான். அந்தப் பார்வையோடு வெளியே வந்து, நிலத்திற்கும் ஒரே பருவம்தான் என்று எண்ணிவிட்டால் அங்கேதான் தீங்கு தொடங்குகிறது.

நிழற்படத்தால் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1871இல் எடுத்த படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாயிற்று. ஆன்சல் ஆடம்ஸ் 1938இல் வெளியிட்ட சியரா நெவாடா மலைப் படங்கள், 1940இல் கிங்ஸ் கேன்யன் பூங்கா உருவாகத் துணை நின்றன. நம்மவரான மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கையைப் பற்றி ஒரு பத்திரிகையில் இடைவிடாது எழுதினார், கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார், தமிழிலும் எழுதினார். வியப்புக்காக மட்டும் படமெடுத்தவர்கள் அல்லர் இவர்கள், சாட்சியத்திற்காகவும் எடுத்தவர்கள்.

எனவே இந்த வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒரு மதகு, ஒரு கலங்கல், ஒரு குளத்துப் படித்துறை. பருவத்திற்கு ஒன்றாக ஆண்டுக்கு ஆறு படங்கள். அதே இடத்தில் நின்று, அதே திசை நோக்கி, அதே நேரத்தில் எடுங்கள். கைப்பேசியே போதும். காகிதத்தில் அச்சிட்டுப் பின்புறம் நாள், மாதம், இடம், திசை நான்கையும் எழுதுங்கள். ஒரு படியை ஊர்ப் பள்ளிக்கோ நூலகத்திற்கோ கொடுங்கள். படம் அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே கல் இருக்க வேண்டும், அதே மரம் இருக்க வேண்டும். அவை இல்லாமற் போனால், இல்லாமற் போன ஆண்டு தெரிய வேண்டும்.

பத்து ஆண்டுகளில் ஒரு மதகுக்கு 60 படங்கள் சேரும். இது தரிசு என்று எவரேனும் ஆனி மாதத்துப் படத்தை நீட்டும்போது, கார்த்திகை மாதத்துப் படங்கள் பத்தை எடுத்து மேசை மேல் வைக்கலாம். அந்தப் பத்தையும் புறந்தள்ளுவது எளிதன்று.

இலக்கியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக் கொடுத்தது. அந்தப் பார்வையைப் பாடநூலில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஏரிக்கரைக்கும் கொண்டு செல்வோம். வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரில் அந்தப் படங்கள் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம்.