தரையில் ஒரு கட்டை



குழந்தைகள் சும்மா இருப்பதில்லை. திண்ணையில் ஏறுவார்கள். அங்கிருந்து குதிப்பார்கள். வைக்கோலில் குட்டிக்கரணம் அடிப்பார்கள். மரக்கிளையில் தொங்குவார்கள். பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "இறங்கு! விழுந்துவிடப் போகிறாய்!" என்று அதட்டுவார்கள். பெண் குழந்தை என்றால் அதட்டல் இன்னும் பலமாக இருக்கும்.

இந்த விளையாட்டையே முறையாகக் கற்றுக்கொண்டால் அதற்கு ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பெயர். தமிழில் சீருடற்பயிற்சி என்று சொல்வார்கள். குட்டிக்கரணம் அடிப்பது இதில் உண்டு. கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது உண்டு. குறுகலான கட்டையின் மேல் நடப்பது உண்டு. கம்பியில் தொங்கி ஆடுவதும் உண்டு. இதனால் உடல் நன்றாக வளையும். கையும் காலும் வலுப்படும். மனதில் துணிச்சல் வளரும்.

"இதற்கெல்லாம் நிறையப் பணம் வேண்டுமே!" என்று நினைக்கிறீர்களா? ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

இந்தியாவின் வடகிழக்கில் திரிபுரா மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் அகர்தலா. அங்கே 1993-ஆம் ஆண்டு தீபா கர்மாகர் பிறந்தார். அவருடைய தந்தை பளுதூக்கும் பயிற்சியாளர். தீபா ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகத் தொடங்கினார். அவருடைய பாதங்கள் தட்டையானவை. உள்ளங்காலில் வளைவு இல்லை. இந்த விளையாட்டுக்கு அது பெரிய இடைஞ்சல். ஆனாலும் அவர் விடவில்லை.

அகர்தலாவில் அப்போது நல்ல சாதனங்கள் இல்லை. தாண்டிக் குதிக்கும் பயிற்சிக்குப் பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக் கொண்டு ஒரு சாதனம் செய்தார்கள். தீபா அதில் பழகினார். பிஸ்வேஸ்வர் நந்தி என்பவர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்.

2014-இல் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் போட்டி நடந்தது. அதில் தீபா வெண்கலப் பதக்கம் வாங்கினார். 2016-இல் ரியோ ஒலிம்பிக் போட்டிக்குப் போனார். ஜிம்னாஸ்டிக்ஸில் ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண் அவர்தான். தாண்டிக் குதிக்கும் போட்டியில் 15.066 புள்ளிகள் எடுத்தார். நான்காம் இடம் கிடைத்தது. வெறும் 0.150 புள்ளியில் வெண்கலம் கைநழுவிப் போனது. 2024-இல் அவர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

இந்தக் கதையைக் கேட்டதும் ஒருவருக்கு ஆசை வரலாம். "நம் வீட்டிலும் பழைய ஸ்கூட்டர் கிடக்கிறதே! அதில் ஒன்று செய்தால் என்ன?" என்று தோன்றலாம்.

வேண்டாம்! அதைச் செய்யாதீர்கள்.

அகர்தலாவில் சாதனம் மட்டும் இல்லை. அதன் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார். எந்தக் குழந்தை எப்போது எவ்வளவு உயரம் எழும்பலாம் என்று அவருக்குத் தெரியும். தவறி விழுந்தால் எப்படிப் பிடிப்பது என்றும் தெரியும். தூக்கி எறியும் ஸ்பிரிங் பலகையை வீட்டில் செய்யக் கூடாது. ரப்பர் டியூப் கட்டிக் குதிக்கும் வலையும் கூடாது. தலைகுப்புற விழுந்தால் கழுத்து முறியலாம். கை கால் விளங்காமல் போகலாம். உயிரும் போகலாம்.

அப்படியானால் வீட்டில் எதைச் செய்யலாம்? தாழ்வாக இருப்பதைச் செய்யலாம். மெத்தென்று இருப்பதைச் செய்யலாம்.

முதலாவது, நடைக் கட்டை. போட்டியில் பெண்கள் ஏறும் கட்டை 5 மீட்டர் நீளம். அகலம் 10 சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய அரைச் சாண். உயரம் 125 சென்டிமீட்டர். வீட்டுக் கட்டைக்கு அகலம் மட்டும் அதே அளவு இருக்கட்டும். நீளம் 2 மீட்டர் போதும். உயரம் வேண்டவே வேண்டாம்.

வளையாத, கெட்டியான மரமாகப் பாருங்கள். வெடிப்பு இருக்கக் கூடாது. நான்கு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். சிராய் காலில் ஏறாமல் இருக்கும். ஓரங்களை மழுக்குங்கள். ஆணித் தலை வெளியே தெரியக் கூடாது. கட்டையைச் சமமான தரையில் போடுங்கள். குழந்தை அதன் மேல் முன்னும் பின்னும் தடுமாறாமல் நடக்கட்டும். நன்றாகப் பழகிய பிறகு அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகள் வைக்கலாம். அவை 4 அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம். கட்டை ஆடாமல், கவிழாமல் இருக்க அவை நீளமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, வைக்கோல் மெத்தை. சுத்தமான கோணிப்பைகளில் காய்ந்த வைக்கோலை நெருக்கமாக அடையுங்கள். கோணி ஊசியால் வாயைத் தையுங்கள். பைகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தையுங்கள். இடுக்கு விட்டால் கால் உள்ளே போய்ச் சுளுக்கும். பழைய போர்வையை மேலே விரித்து இழுத்துத் தையுங்கள்.

பிறகு பெரியவர் ஒருவர் அதன் மேல் பலமாக முழங்காலை ஊன்றிப் பார்க்க வேண்டும். தரை தட்டினால் இன்னும் வைக்கோல் வேண்டும். ஈரம் பட்டால் வெயிலில் காய வையுங்கள். ஒவ்வொரு நாளும் புரட்டிப் பாருங்கள். தேளோ பூரானோ அடியில் இருக்கலாம்.

இந்த மெத்தை உருள்வதற்கு மட்டும்தான். உயரத்திலிருந்து குதிப்பதற்கு அல்ல.

உருள்வதிலும் முறை இருக்கிறது. முகவாய் நெஞ்சைத் தொட வேண்டும். முதுகு பந்து போல் வளைய வேண்டும். உடலின் பாரத்தைக் கைகள் தாங்க வேண்டும். உச்சந்தலையில் பாரம் விழக் கூடாது. தோள்பட்டையின் பின்பக்கம் முதலில் மெத்தையில் பட வேண்டும். இதைத் தெரிந்தவர் ஒருவர் முதலில் சொல்லிக் கொடுப்பது நல்லது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள்.

சில விதிகளை மறக்காதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு குழந்தைதான். காலில் செருப்போ சாக்ஸோ வேண்டாம். வெறுங்கால்தான் வழுக்காது. சங்கிலி, வளையல், தாவணி, துப்பட்டா எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம். பயப்படும் குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். உடலை வளைக்கிறேன் என்று யாரும் குழந்தையின் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது.

குழந்தை விழுந்து "கழுத்து வலிக்கிறது" என்று சொன்னால் என்ன செய்வது? "கை மரத்துப் போகிறது" என்று சொன்னால் என்ன செய்வது? தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையைத் திருப்பாதீர்கள். படுத்தபடியே அசையாமல் இருக்கட்டும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

தரைக் கட்டையில் நன்றாக நடக்கும் குழந்தை ஒருநாள் கேட்கும்: "அம்மா, இதை இன்னும் உயரத்தில் போடலாமா?" அப்போது என்ன செய்ய வேண்டும்? இன்னும் இரண்டு கட்டை தேடிப் போகாதீர்கள். ஒரு பயிற்சியாளரைத் தேடிப் போங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். பக்கத்துப் பள்ளியில் கேளுங்கள். பெண் குழந்தை கேட்டாலும் அப்படியே செய்யுங்கள். அகர்தலாவில் தீபாவை ஆறு வயதில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதனால்தான் உலகம் அவரைப் பார்த்தது.

அதுவரை, திண்ணையிலிருந்து குதிக்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்காதீர்கள். ஒரு கட்டையைத் தேய்த்துத் தரையில் போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.