கோழி எருவும் திப்பியும்
(சந்திப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நாமக்கல் பக்கம் எங்க தோட்டத்தில் அப்பா கட்டிய எரிவாயுக் கலன், 1984இல் வந்த தீனபந்து மாதிரி. மாடுகளை விற்றபின் வெறும் கோழி எருவைக் கரைத்து ஊற்றினேன். ஒரே மாதத்தில் அடுப்பு அணைந்தது. அம்மா மறுபடி விறகடுப்பில் இருமினாங்க.

படித்தவன் செய்த வேலை பாருங்க! கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. அம்மோனியா ஏறினால் மீத்தேன் தரும் நுண்ணுயிர் முடங்கிவிடும். கரிமம் 20 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு வேணுமுங்க. சேகோ ஆலைத் திப்பி முழுக்க மாவும் நாரும், அதாவது கரிமம். பாதிக் கரைசலை இறைத்துவிட்டு, திப்பியும் பக்கத்துத் தோட்டத்துச் சாணமும் கலந்து ஊற்றினோம். மூன்று வாரத்தில் நீலச் சுடர்!

வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிமமே. தழை, மணி, சாம்பல் சத்துகள் கரைசலில் தங்கிவிடும். அதைத்தான் இப்போ மஞ்சளுக்கு வாய்க்கால் தண்ணியோடு விடுகிறோம்.