நீரிழிவு தலைவிதியா?



நீரிழிவைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு உண்டு. “அப்பனுக்கு இருந்தது, எனக்கும் வந்தது, தலைவிதி” என்பது ஒன்று. “வாயைக் கட்டாதவனுக்கு வருகிற வியாதி” என்பது மற்றொன்று. இரண்டுமே அரை உண்மைகள்.

உண்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. உழைக்கும் தசை அதை எரிக்கிறது. உழைப்புக் குறைந்து வயிற்றில் கொழுப்பு ஏறினால் இன்சுலினின் வேலை எடுபடுவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, கடைசியில் களைத்துவிடுகிறது. யாருடைய கணையம் சீக்கிரம் களைக்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் பரம்பரை மட்டுமே தீர்ப்பு எழுதுவதில்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கீலா நதியிலிருந்து வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக் குடியேறிகள் மேல்பகுதியிலேயே நதி நீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, வயல் வேலை போயிற்று. பிறகு வெள்ளை மாவும் கொழுப்பும் சர்க்கரையுமே உணவாயின.

இவர்களுடைய ரத்த சொந்தங்கள் மெக்சிகோ மலைகளில், மைக்கோபா என்ற ஊரில் இருக்கிறார்கள். ஆராய்ச்சி நடந்த காலத்தில் நவீன இயந்திரங்கள் அதிகம் நுழையாதிருந்த ஊர். மக்காச்சோளமும் பீன்சும் விளைவித்து, உடலுழைப்பால் வாழ்ந்தவர்கள். 2006-ல் வெளியான ஆராய்ச்சி இரு கூட்டத்தையும் ஒப்பிட்டது. அரிசோனா பீமாக்களில் நீரிழிவு 38 சதவீதம். மெக்சிகோ பீமாக்களில் 6.9 சதவீதம்!

ஒரே பரம்பரை, ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். விதி என்பவர்களுக்கு இது பதில். அரிசோனா பீமாக்கள் திடீரென்று பெருந்தீனிக்காரர்கள் ஆகிவிடவில்லை. அவர்களுடைய தண்ணீர் போயிற்று. நோயாளியைப் பழிப்பவர்களுக்கு இது பதில். அந்தத் தண்ணீருரிமையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சட்டம் 2004-ல்தான் வந்தது.

நம் சென்னை மருத்துவர்களும் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். நீரிழிவின் வாசலில் நின்றவர்களைச் சுமார் மூன்றாண்டு கவனித்தார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கடைப்பிடிக்கத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 சதவீதம். முழுக்கத் தடுக்க முடியவில்லை. பரம்பரையின் பலம் அது. ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள்.

“உழைக்கிறவனுக்கு இது வராது” என்று எண்ணாதீர்கள். ஒரே இடத்தில் நின்று இயந்திரம் பார்ப்பதும், இரவு ஷிப்டும், சோற்றை மட்டுமே நிரப்பிய வயிறும் நம்மையும் அதன் பக்கம் தள்ளுகின்றன.

ஆகவே தோழர்களே, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். சோற்றைக் குறைத்துப் பயறும் கீரையும் சேருங்கள். தினம் அரைமணி வேகமாக நடங்கள். ஆலைக் கேன்டீனில் நல்ல உணவு, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை — இவற்றைச் சங்கத்தின் கோரிக்கையாக வையுங்கள். பரம்பரையை மாற்ற நம்மால் ஆகாது. வாழும் நிலைமையை மாற்ற ஆகும்.