விளக்கின் விலையும் வீட்டின் வருவாயும்



சேலம் மாநகரில் ஃபேர்லேண்ட்ஸ் என்பது அகன்ற தெருக்களும் மாடி வீடுகளும் மருத்துவமனைகளும் நிறைந்த பகுதி. அதே நகரில் குகை, அம்மாபேட்டை முதலிய இடங்களில் நெசவாளர் பலர் வாழ்கின்றனர். 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் 1937இல் மின்னாக்கம் தொடங்கிற்று. ஆதலின் மின்விளக்கு இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. புதிதாக எழுந்துள்ள வினா வேறு: விளக்கெரிக்க உதவி வேண்டுவோர் யார், அவரை அறிவது எங்ஙனம் என்பதே அது.

2016 மே மாதத்தில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இரு திங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கில், முதல் 100 யூனிட்டுக்கு வீட்டு இணைப்பு எதற்கும் கட்டணமில்லை என்பது அதன் சாரம். மாளிகைக்கும் 100, ஓட்டு வீட்டுக்கும் 100. இதனைக் குறையென்று மட்டும் கூறிவிடுதல் நேர்மையாகாது. வருமானச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலக வாயிலில் ஏழைப் பெண் ஒருத்தி கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை. இடைத்தரகருக்கும் அங்கே வேலையில்லை. இது சிறிய நன்மையன்று.

ஆயினும் சுமை என்பது வேறு. மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் மின்சாரத்துக்கும் சமையல் எரிவாயுவுக்குமாக 800 ரூபாய் செலவிடுகிறது என்று கொள்வோம். 1,00,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் 4,000 ரூபாய் செலவிடுகிறது. தொகையை நோக்கின் பின்னதே பெரிது. வருவாயோடு ஒப்பிட்டாலோ, முன்னது நூற்றுக்கு எட்டு. பின்னது நூற்றுக்கு நான்கு. உதவி செல்ல வேண்டிய திசையைக் காட்டுவது இந்த இரண்டாவது கணக்கேயாகும்.

அமெரிக்க நாட்டில் 1981இல் இயற்றப்பெற்ற சட்டமொன்று இக்கணக்கை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. குளிர்காலத்தில் வீட்டை வெப்பப்படுத்தவும் கோடையில் குளிர்விக்கவும் ஆகும் செலவுக்கு உதவுவது அத்திட்டம். வருவாய் மிகக் குறைந்து, அவ்வருவாயை நோக்க எரிபொருட்செலவு மிகுந்துள்ள இல்லங்களுக்கே மிகுந்த உதவி அளிக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் கருத வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் அதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவது ஓர் அளவான தொகை. அது தீர்ந்தபின் வந்து நிற்பவர், தகுதி இருந்தும், வெறுங்கையோடு திரும்ப நேரும். நல்ல அளவுகோல் மட்டும் இருந்தால் போதாது அன்றோ!

நம் நாட்டிலும் இதற்கொத்த அனுபவம் உண்டு. 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு வழங்கிற்று. அடுப்பு வந்தது, அடுத்த உருளைக்குப் பணம்? 2022இல் அவ்விணைப்பினருக்கு மட்டும் உருளைக்கு 200 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டு, 2023இல் அது 300 ஆக உயர்த்தப்பட்டது. இணைப்புத் தருவதும் செலவைத் தாங்குவதும் வெவ்வேறு பணிகள் என்பது அதனால் தெளிவாயிற்று.

மீண்டும் சேலத்துக்கு வருவோம். மின்அளவி யூனிட்டை அறியும், ஆட்களை அறியாது. ஒரே வளவில் நான்கு குடித்தனங்கள், அனைத்துக்கும் ஓர் அளவி என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வருக்கும் சேர்த்து 100 யூனிட்டுத்தான் இலவசம். பயன்பாடு ஒன்றாகச் சேர்வதால் கணக்கு உயர்படிக்கு ஏறுகிறது. படி ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். வீட்டுக்காரரோ யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வாங்கினால், இலவசத்தின் நிழல்கூடக் குடியிருப்பவர்மேல் விழாது. மறுபுறம், மூன்று வீடும் மூன்று இணைப்பும் உடையவருக்கு அச்சலுகை மும்முறை கிட்டும்.

ஆகவே, ஏழையைத் தேடிப் பட்டியல் எழுதுவதற்கு முன்னால், வாடகைக் குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனி அளவி கிடைக்க வழிசெய்வதே முதற்பணி என்பது என் கருத்து. அதற்குப் பின்னரே, எட்டுப் பேர் கொண்ட வீட்டுக்கு 100 யூனிட் போதுமா என்ற கேள்வியைப் பொருளோடு கேட்க இயலும். உங்கள் வீட்டு மின் அட்டையை இன்றிரவு எடுத்துப் பாருங்கள்; அதில் உள்ள எண்ணை வீட்டில் உள்ளோர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்போரிடம் அட்டையே இருக்காது. அவர்கள் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.